தலைதீபாவளிக்கு வந்த ஈமு

அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அக்கா போனிலேயே சொல்லிவிட்டாள். "கோழின்னுகூட வாயத் தொறக்காதடா தம்பி. இந்த ரெண்டு நாளைக்கு முட்டை வாங்கறதையே நிறுத்தி வெச்சிருக்கேன்."

குன்னூருக்குக் கீழே, மலைச் சாலைக்கு மேல் மேட்டில் இருக்கிறது அவள் வீடு. பின்னால் தேயிலைத் தோட்டம். அக்கா மகளுக்கு அந்த வருடம் தலைதீபாவளி. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அந்த வீட்டில் தங்க வருவது அதுவே முதல் முறை.

ஆடிக்கே வந்திருக்க வேண்டும். ஆடிக்கு அழைப்பு போகவில்லை. காரணம் இது: பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா பெருந்துறைப் பக்கம் முன்பு கோழிப் பண்ணை வைத்திருந்தார் என்று தரகர் சொல்லியிருந்தார். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, ஒரு துக்க வீட்டில், அது ஈமுப் பண்ணை என்று அக்கா வீட்டுக்காரரான மச்சானின் காதில் விழுந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஈமுக் கொட்டகை போட்டு, வாங்க ஆளில்லாமல் நொடித்து, நிலத்தை விற்றுக் கடன் அடைத்தவர்கள் அநேகம். சம்மந்தியும் அவர்களில் ஒருவர். தரகரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "ஈமுவும் கோழிதானுங்களே" என்றாராம்.

மச்சான் முப்பது வருடத்துக்கு மேல் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இருப்பதை வாசலில் காட்டிவிட்டு உள்ளே போய்ப் பழகியவர். "தோத்ததுல தப்பில்லை. மறைச்சது தப்பு" என்றார். அதன் பிறகு சம்மந்தியோடு பேச்சில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் மாப்பிள்ளையோடும் 'வாங்க', 'சாப்பிடுங்க' என்ற இரண்டு சொற்கள்தாம். நடுவில் நின்று இளைத்துப்போனவள் மகள். இந்தத் தீபாவளியும் இப்படியே போனால் இனி இங்கே வருவதையே விட்டுவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். முதல் நாள் மாலை வந்ததிலிருந்து, மாமனார் உட்காரச் சொன்ன நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த விதம், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. குளிர் தாங்காமல் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

தீபாவளி காலையில் மூடுபனி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, அவர் மறுபடியும் அதே நாற்காலிக்கு வந்தார். சுற்றுப்பட்ட வீடுகளில் எல்லாம் வெடி. அக்கா வீட்டில் மட்டும் மத்தாப்போடு சரி. வேலையில் வெடிமருந்தைப் பார்த்தவர் வீட்டில் பட்டாசுக்கு இடம் கொடுத்ததில்லை. ஆகவே அந்த மேட்டிலேயே சத்தமில்லாத இடம் அக்கா வீட்டுத் தோட்டம்தான்.

ஏழு மணி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "அண்ணா, கதவச் சாத்துங்க. உங்க தோட்டத்துல கரடி."

மலையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு முறை உண்டு. யாரும் ஓடவில்லை. அக்கா அடுப்பைச் சிறிதாக்கினாள், மச்சான் பின்கதவைத் தாழிட்டார், எல்லோரும் சமையலறை ஜன்னலுக்கு வந்து நின்றோம். தேயிலைச் செடிகளுக்கு மேலே பழுப்பு நிறத்தில் சடைசடையாக ஒரு முதுகு தெரிந்தது. அசையவில்லை.

"குட்டிக் கரடியா இருக்கும்" என்றார் மச்சான்.

அப்போது அந்த முதுகின் முன்பக்கத்திலிருந்து ஒரு கழுத்து மேலே வந்தது. வந்துகொண்டே இருந்தது. உச்சியில் சிறு தலை. அது எங்களைப் பார்த்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இது கரடி இல்லை" என்று நான்தான் சொன்னேன்.

மேலே இருக்கும் ரிசார்ட்டில், வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள இரண்டு ஈமுக்கள் வைத்திருந்தார்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஒன்று வேலியைத் தாண்டியிருக்கிறது. அந்த ரிசார்ட்டின் காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் கயிறோடு இறங்கி வந்தார்கள். காட்டெருமையை விரட்டுவது போலத் தகர டின்னைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். பறவை தோட்டத்தின் கீழ் ஓரத்துக்கு நகர்ந்தது. அதற்கு அப்பால் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கீழே இறங்கும் தடுப்புச் சுவர். சுவருக்குக் கீழே விடுமுறை வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி ஏறிக்கொண்டிருந்தன.

"டின்னத் தட்ட வேண்டாம்னு சொல்லுங்க மாமா. தொரத்துனா நேரா ஓடி விழுந்துரும்."

மாப்பிள்ளை எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். சொல்லிவிட்டுக் காத்திருக்கவில்லை. தாழ்ப்பாளைத் திறந்து வெறுங்காலோடு வெளியே போனார். "ஏனுங்க, புது வேட்டிங்க" என்றாள் மகள். அவர் காதில் விழவில்லை.

தட்டியவர்களைக் கைகாட்டி நிறுத்தினார். பறவைக்கு இருபதடி தள்ளி, செடிகளுக்கு நடுவில் இருந்த ஈரப் பாதையில் மல்லாந்து படுத்தார். இரண்டு கால்களையும் மேலே தூக்கி, சைக்கிள் மிதிப்பது போல ஆட்டத் தொடங்கினார்.

"மாப்பிள்ளைக்கு என்னாச்சு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

ஈமு கழுத்தை வளைத்துப் பார்த்தது. ஓர் அடி வைத்தது. நின்றது. பிறகு, தெருவில் கூட்டத்தைப் பார்த்த ஆள் என்ன ஏது என்று விசாரிக்க வருவதைப் போல நடந்து வந்து, அவர் பாதத்துக்கு மேலே தலையை நீட்டியது. அவர் மெதுவாகப் புரண்டு எழுந்தார். பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போய், உடம்போடு ஒட்டி நின்று, சிறு இறக்கைகள் இரண்டையும் பிடித்தார். பறவை ஒருமுறை உதறியது. அவர் விடவில்லை. அதைத் தள்ளியும் தாங்கியும் விறகுக் கொட்டகைக்கு நடத்தி வந்து படலைச் சாத்தினார். வேட்டி முழுக்கச் செம்மண்.

காவலாளி கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வண்டி கொண்டுவந்து ஏற்ற வேண்டும், இந்த நெரிசலில் சாயங்காலம் ஆகிவிடும் என்றார்.

மச்சான் முற்றத்துக்கு வந்தார். "இதெல்லாம் உங்கப்பா சொல்லிக் குடுத்ததா?"

"இல்லீங்க மாமா. பள்ளிக்கூடம் விட்டு வந்து வெளையாடறப்ப நாங்களே கண்டுபிடிச்சது." கையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டினார். "பண்ணை நொடிச்சப்ப எல்லாரும் கதவத் தொறந்து உட்டுட்டுப் போயிட்டாங்க. எங்கப்பா உடலீங்க. வாங்க ஆளில்லைன்னு தெரிஞ்சும் தீனி போட்டாரு. கடைசி உருப்படி போற வரைக்கும். அதுலதான் மிச்சமிருந்த காடுதோட்டமும் போச்சு."

"அத எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுக்கு முன்னால வந்த ரெண்டு பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டயும் சொன்னாருங்க. ரெண்டு பேரும் வெச்ச காப்பியக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவருக்குத் தகிரியம் வரல. உங்ககிட்டச் சொல்லாதது தப்புதானுங்க."

மச்சான் கொட்டகைக்குப் போனார். படலின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். பறவையும் அதே இடுக்கு வழியாக அவரைப் பார்த்தது. பிறகு அவர் வீட்டுக்குள் போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தார். சிக்னலுக்காக நெல்லி மரத்தடிக்குப் போனார்.

"ஏனுங்க சம்மந்தி, நாந்தானுங்க. தீபாவளி எல்லாம் ஆச்சுங்களா?" அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "அதுங்க, இங்க ஒரு ஈமு வந்து மாட்டிக்கிச்சு. சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கோணும். அதுக்கு என்னத்தப் போடறது?"

"இவருகிட்டயே கேட்டிருக்கலாமே" என்றாள் மகள்.

"நீ பேசாம இரு" என்றாள் அக்கா.

மரத்தடியில் மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸ் இலை ஆகுமா, நறுக்கிப் போடுவதா, தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வைப்பது. ஒவ்வொன்றுக்கும், "சரிங்க", "அப்படிங்களா" என்றார். பேச்சு நீண்டுகொண்டே போனது. மகள் மட்டும் கதவருகில் நின்று, முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அரிவாள்மனை எங்கே இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டார்.