சக்தியாக மாறிய ‘கா’

திங்கட்கிழமை காலை ஜப்பானிலிருந்து வந்த மெயிலில் இரண்டே வரிகள். நாங்கள் செய்து கொடுத்த உதிரிபாகத் தேடல் ஸ்கிரீனில் ‘கா’ என்று தொடங்கும் எந்தப் பாகமும் வரவில்லை. வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

நான் அப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு மாடியில் இயங்கிய சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தேன். ப்ரோக்ராம் எழுதியவள் செல்வி. வத்தலக்குண்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. கிளையன்ட் அனுப்பும் ஸ்கேன் பக்கத்தை, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆரில் போட்டு, வரும் எழுத்தை அப்படியே ப்ரோக்ராமில் ஒட்டுவோம்.

மேனேஜருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் ஃபான்ட் தெரியும். ஆபீஸ் முழுக்க ஒரே ஃபான்ட் என்று உத்தரவு போட்டவர் அவர்தான். மெலிந்து வளைந்த எழுத்து. பார்க்க வருகிறவர்கள் அசந்து போவார்கள். அதில் பூஜ்யம் எது, ஆங்கில ‘ஓ’ எது என்பது மட்டும் எங்களுக்குப் பிடிபடாது. ஜப்பான்காரர்கள் ப்ரோக்ராம் எழுதப் பயன்படுத்தும் ஃபான்ட் ஒன்றைச் செல்வி ஒருமுறை போட்டுக் காட்டினாள்.

“என்னம்மா இது, ரேஷன் கடை பில்லு மாதிரி? எடு அதை” என்றார் மேனேஜர்.

இப்போது கிளையன்ட் தந்த ஸ்பெக் பக்கத்தையும் ப்ரோக்ராமையும் அருகருகே வைத்து அவரே பார்த்தார்.

“எழுத்தெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. லாஜிக்லதான் கோளாறு. ஏம்மா செல்வி, அம்புட்டுப் பேரு பாக்குற ஸ்கிரீன்ல இப்படியா பண்ணி வைப்ப?”

செல்வி லாஜிக்கைத் தோண்டிக்கொண்டே இருந்தாள். என் டெஸ்ட்டோ ஒவ்வொரு முறையும் பாஸ் என்றது. டெஸ்ட் டேட்டாவும் அதே ஓசிஆரில் வந்ததுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வியாழன் மதியம் மேனேஜர், “நாளையில இருந்து நீ இந்த ப்ராஜெக்ட்ல வேணாம்மா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். செல்வி டப்பாவைத் திறக்கவேயில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், ப்ரோக்ராமிலிருந்து அந்த ‘கா’ எழுத்தை மட்டும் எடுத்து மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டினாள்.

“அக்கா, செத்த வாங்களேன். இதுக்கு ‘சக்தி’ன்னு அர்த்தம் போடுது.”

“‘கா’வுக்கு ஏதுடி அர்த்தம்?”

“அதான்க்கா எனக்கும் புரியல.”

‘கா’ என்ற ஒலிக்கு எழுத்து カ. சக்தி என்ற சொல்லுக்கு எழுத்து 力. ஓசிஆர் முன்னதைப் பின்னதாகப் படித்திருந்தது. கிளையன்ட் சரியான எழுத்தை அடித்துத் தேடியதால் ஒன்றும் வரவில்லை; என் டெஸ்ட்டில் இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்பதால் பாஸ் ஆனது. எங்கள் அழகான ஃபான்ட்டில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். செல்வி பழையபடி அந்த ஜப்பானிய ஃபான்ட்டைப் போட்டாள். ஒன்று சிறுத்தும் மற்றது பருத்தும் தனித்தனியாக நின்றன. அன்று மாலைக்குள் எல்லா இடத்திலும் திருத்தி அனுப்பினோம். மறுநாள் கிளையன்ட் நன்றி சொல்லி எழுதினார். செல்வியும் ப்ராஜெக்ட்டில் தொடர்ந்தாள்.

மேனேஜர் அவள் திரையைக் குனிந்து பார்த்தார்.

“இம்புட்டுத் தெளிவா தெரியுதே. இதை ஏம்மா முன்னாடியே போடல?”

செல்வி என்னைப் பார்த்தாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஃபான்ட் அழகா என்பதைப் பிறகு பாருங்கள். குழப்பக்கூடிய எழுத்துகளை முதலில் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் கண்ணையும் லாஜிக்கையும் சந்தேகப்படுவதற்கு முன் ஃபான்ட்டை மாற்றுங்கள்.

மேலிடம் சம்மதிக்குமா என்று கேட்பார்கள். சம்மதிக்கும். அடுத்த திங்களே ஆபீஸ் முழுக்கப் புது ஃபான்ட் என்று உத்தரவு வந்தது. செல்வி மேனேஜர் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுக் கொடுத்தாள்.

“எப்படிம்மா நம்ம செலக்‌ஷன்?” என்றார்.

“சூப்பர் சார்” என்றாள் செல்வி.