கார்பரேட்டருக்கு வைத்த பொட்டு

பழைய காருக்குப் புது கார்பரேட்டர் மாட்டிய மறுநாளே என் நிம்மதி போயிற்று. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி திணறியது. அவிநாசி சாலையில் லாரியை முந்தும்போது வண்டி திணற, மயிரிழையில் தப்பினேன். நேராகக் கணபதி பகுதியிலுள்ள பட்டறைக்குப் போய், அதை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அந்தோணியிடம் எல்லார் முன்னாலும் கத்தினேன்: "மட்டமான சாமானை மாட்டி ஏமாத்திப்போட்டீங்க!"

அவர் பானெட்டைத் திறந்தார். புதுச் சாமானாயிற்றே என்று நான் அப்பிய சந்தனப் பொட்டு, கார்பரேட்டரின் காற்றுத் துளையை அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்ததும் வண்டி சீறியது.

"பொட்ட இனி பானெட்டு மேல வெச்சுப்போடுங்க" என்று சிரித்தார்.

நான் கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது. மன்னிப்பை மட்டும் அவர் காதில் விழுகிற அளவுக்குத்தான் கேட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.