வெண்கலத் தலையும் பழப்புளியும்

சிற்பி வீட்டில் துப்புரவு வேலை என்றால் தூசியோடு சண்டை, சிலைகளோடு பயம். பிறர் வீட்டுச் சாமானைத் துடைத்துச் சோறு தின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எண்பதுகளின் நடுவில், பனிமலை நாடொன்றில் துன் என்ற நகரின் ஏரிக்கரையோரம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அகதி வழக்கு முடியாமல் கிடந்த காலம். வேலையும் போனால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

ஈரத் துணி

முதலாளியம்மா தொண்ணூறு தாண்டிய ஆங்கிலேயச் சிற்பி. பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை இங்கிலீசில் மேடம், மேடம் என்று சமாளிப்பேன். முதல் நாளே பட்டறை மேசையில் நனைந்த வெள்ளைத் துணி போர்த்தி ஓர் உருவம் கிடந்தது. வெள்ளைத் துணி போர்த்திய உருவங்களை ஊரில் நிறையப் பார்த்துவிட்டு வந்தவன் நான். கால் தானாகப் பின்னுக்குப் போனது.

அது பாதியில் நிற்கும் களிமண் சிலையாம். காய்ந்தால் வெடித்துவிடும், நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றார். தெளித்தேன். எட்ட நின்றதால் பாதித் தண்ணீர் தரையில் போனது.

“பயப்படாதே, அது இன்னும் பிறக்கவே இல்லை.”

லாச்சி

ஒருநாள் துடைப்பதற்காக மேசை லாச்சியை இழுத்தேன். உள்ளே பாதி முகம். கன்னம், மூக்கு, மீசை எல்லாம் மெல்லிய தகட்டில் செய்து தோல் நிறம் பூசியிருந்தது. மூடுவதற்குள் மேடம் கண்டுவிட்டார்.

முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு மேடம் அளவெடுத்து இப்படி முகம் செய்து கொடுத்தாராம். அவர்கள் இருந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடியே வைக்கமாட்டார்களாம். இது மட்டும் ஏன் இங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இதை வாங்க வருகிறேன் என்றவன் வரவில்லை. அந்த மூக்கின் அளவு இன்னும் என் விரலில் இருக்கிறது.”

காது

ஜன்னலோரம் கரும்பச்சையாய் ஒரு வெண்கலத் தலை இருந்தது. மேடம் இருபது வயதில் செய்தது. லண்டன் கண்காட்சிக் குழுப் பெரியவர்கள் ஒரு பெண் செய்ததென்று நம்பாமல், கண்முன்னே ஒரு காது செய்து காட்டு என்றார்களாம். எனக்கும் அகதி விசாரணையில் ஒரே கேள்வியை நாலு தரம் கேட்டார்கள். அதனால் அந்தக் கதை மட்டும் இங்கிலீசு இல்லாமலே விளங்கியது.

“காது சரியாக வந்ததும், மற்றக் காதையும் செய் என்றார்கள்.”

புளி

நாட்டில் தங்கும் பெர்மிட்டை நீட்ட மேடத்தின் கடிதம் தேவைப்பட்டது. அதற்கு முன் அவர் மனதைக் குளிர வைக்க நினைத்தேன். கெட்ட காலம், வேறென்ன. என் அறையில் கூட இருந்த சிவம் அண்ணை ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர். “வெண்கலம் எண்டால் பழப்புளிதான் தம்பி. எங்கட குத்துவிளக்கு மினுங்கிறேல்லையோ?” என்றார். ஊரிலிருந்து பார்சலில் வந்த புளி இருந்தது. மேடம் டொக்டரிடம் போன வெள்ளிக்கிழமை தேய்தேய் என்று தேய்த்தேன். தலை பொன்னாய் மினுங்கியது.

மேடம் வந்தார், பொல்லை ஊன்றியபடி நின்றார். அந்தக் கரும்பச்சை அழுக்கில்லையாம். நெருப்பும் அமிலமும் வைத்து அவரே ஏற்றிய நிறம், எழுபது வருடம் முதிர்ந்தது. அதை மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திங்கட்கிழமை ஒட்டிய உறை ஒன்றைப் பெர்மிட் காரியாலயத்தில் கொடு என்று கையில் வைத்தார்.  உறையைச் சிவம் அண்ணையிடம் காட்டினேன்.

“பெட்டியைக் கட்டு தம்பி.”

முத்திரை

காரியாலயத்தில் அதிகாரி கடிதத்தை வாசித்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வாசித்தார்.  அவர் முத்திரையை எடுத்து என் பெர்மிட்டில் குத்திவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“நீங்கள் தேய்த்தெடுத்த சிலையின் நிறம் திரும்பி வரப் பல வருடம் ஆகுமாம். அதுவரை சிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தானாம், உங்களை எங்கும் போக விடக் கூடாது என்று எழுதியிருக்கிறார்.”

மற்றவர்கள் நல்ல வேலை செய்து இந்த நாட்டில் தங்கினார்கள், நான் நல்லதொரு சிலையைக் கெடுத்துத் தங்கினேன்.