ஸ்டூல் செக்ஷனில் நின்ற காலம்

விழுப்புரம் டிஸ்கவுண்ட் கடையில் எனக்குக் கொடுத்தது மேல்மாடியில் இருந்த பிளாஸ்டிக் செக்ஷன். சுற்றிலும் நாற்காலியும் ஸ்டூலும் கூரை வரை அடுக்கியிருக்கும். நடுவில் நான் நின்றுகொண்டிருப்பேன். காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை டூட்டி. கொஞ்சம் லேட்டாகப் போனாலும் அரை நாள் சம்பளம் கட். சாப்பிடும்போது மட்டும் உட்காரலாம், அதுவும் குடோன் தரையில்.

மேனேஜர் பாஸ்கர் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "உக்காந்துகினு இருக்கற ஆளப் பார்த்தா கஸ்டமருக்கு வாங்கற மூடே போயிடும்மா. புரியுதா?"

எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்களிடம் நான் ஆயுசு முழுக்க தாராளமாக வாங்கியிருக்கிறேன். ஆனாலும் வேலை வேண்டுமே, தலையாட்டி வைத்தேன்.

டெமோ

கோலியனூர்க்காரர் ஒருவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், ஸ்டூலைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, அப்பளமாட்டம் இருக்குது. தாங்குமா?"

"தாங்கும் சார், பாருங்க" என்று அதன்மேல் உட்கார்ந்து காட்டினேன். நானும் ஒன்றும் ஒல்லியில்லை. அவர் திருப்தியாக இரண்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. அன்று முதல் ஸ்டூல் பக்கம் திரும்பியவர்களுக்கெல்லாம் டெமோ. குடம் வாங்க வந்தவர்களுக்கும் டெமோ. பாஸ்கர் சார் முறைப்பார், ஆனால் ஸ்டூல் விற்றுக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பாத்திர செக்ஷனில் இருந்த மேரி திண்டிவனத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். முழுகாமல் இருந்தாள். தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று யூனிஃபார்ம் கோட்டைத் தொளதொளவென்று போட்டு மறைத்தாள். சாயங்காலமானால் கால் இரண்டும் வீங்கிவிடும்.

"அவருக்கு வேல சரியா இல்லக்கா. பிரசவம் வரைக்கும் இந்தச் சம்பளம் வந்தாத்தான் ஆவும்" என்பாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சரக்கு அடுக்க ஆள் பற்றவில்லை என்று மேனேஜரிடம் பேசி, அவளை என் செக்ஷனுக்கு இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டெமோ எல்லாம் மேரிதான்.

முதலாளி வந்தார்

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி வந்து நின்றார். செக்ஷனில் ஒரு கஸ்டமர் இல்லை. மேரி ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"யாருய்யா இது, கடையில உக்காந்து தூங்கிகினு? கணக்க முடிச்சி அனுப்பு."

மேரி பதறி எழுந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"தூங்கல சார், டெமோ" என்றேன்.

"யாருக்கு? கஸ்டமரே காணோமே?"

"உங்களுக்குத்தான் சார். உக்காந்து பாருங்க" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படி ஏறி வந்த மனிதருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தார். "அப்பாடா!" என்றார், ஃப்ளோர் முழுக்கக் கேட்டது.

"படி ஏறினதுக்கே உங்களுக்கு அப்பாடா சார். இந்தப் பொண்ணு வாயும் வயிறுமா காலையிலேர்ந்து நின்னுகினு இருக்குது. உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே வந்துடுச்சி."

மேரி மறைத்ததை நானே போட்டு உடைத்துவிட்டேன். இரண்டு பேர் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன்.

முதலாளி எழுந்திருக்கவில்லை. மேரியின் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேனேஜரிடம், "இந்த ஸ்டூல் ரெண்டையும் விக்க வேணாம், டேமேஜ்ல எழுதிடு. இங்கயே கிடக்கட்டும்" என்றார். "உட்காருங்கள்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரத்துக்குள் எல்லா செக்ஷனிலும் தலைக்கு ஒரு ஸ்டூல் டேமேஜ் ஆகிவிட்டது. மேரி பிரசவத்துக்குப் போகும் வரை சம்பளம் வாங்கினாள்.

நான் இப்போது வேலையை விட்டுவிட்டேன். புதிதாகச் சேருகிற பெண்கள் சம்பளம் கேட்கிறார்கள், டூட்டி நேரம் கேட்கிறார்கள். உட்கார இடம் எங்கே என்று மட்டும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள். முதலாளி முகத்தைச் சுளித்தால், முதலில் அவரை மாடிப்படி ஏறவிட்டு ஒரு ஸ்டூல் போடுங்கள்.