கீழாநெல்லி பறித்த இடம்: பல்லாவரம் கால்வாயிலிருந்து கூடுவாஞ்சேரி மேடு வரை

ஒரு கைப்பிடி கீழாநெல்லிக்காக நானும் என் மச்சானும் ஒரு பகல் முழுக்க அலைந்த கதை இது. நடந்தது தொண்ணூற்றிரண்டாம் வருஷ மழைக்காலத்தில். அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுபது தாண்டிக் கற்றுக்கொண்டு, இப்போது ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது ஓடிவிடுகிறது. ஓடட்டும். பல்லாவரம் என்று நானே எழுதிப் பார்க்கிற சுகம் எனக்குப் போதும். மூலிகை தேடிப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் படியுங்கள்.

என் மனைவி சரோஜாவுக்கு மஞ்சள் காமாலை. சோற்றைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு இரும்புலியூர் வீட்டில் படுத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துவிட்டு, ஓய்வெடு, எண்ணெய் சேர்க்காதே என்று அனுப்பினார்கள். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், கோவிலம்பாக்கத்துக்காரர். காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பதில் பேர்போனவர். அதைப் பச்சையாக அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். எங்கே பறித்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது. இடத்தைச் சொன்னால் மருந்து பலிக்காது. பறிக்கும்போது வாய் திறந்தாலும் பலிக்காது. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

நான் அப்போது வெள்ளையடிக்கிற வேலை செய்தேன். சேலையூரில் கல்லூரியில் ரசாயனம் சொல்லித்தரும் டீச்சரம்மா ஒருவர் வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, சரோஜாவின் காமாலையைப் பற்றிச் சொல்லி, "இந்த வாட்டி கீழாநெல்லி செம கசப்பும்மா, நல்ல வீரியம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"எந்த இடத்துச் செடி?"

"அது சொல்லக் கூடாதும்மா."

"கெட்ட தண்ணியில நின்னா செடிக்கும் கஷ்டம்தான். தன்னைக் காப்பாத்திக்க சில செடி கசப்பைக் கூட்டிக்கும். அந்த மண்ணுல ஈயம், குரோமியம்னு இருந்தா வேர் அதையும் இழுத்துக்கும். கசப்ப வெச்சு வீரியம்னு நினைக்காதீங்க. உங்க சம்சாரத்தோட ஈரலே சோர்ந்து கிடக்கு. இடத்தைப் பார்க்காம குடுக்காதீங்க."

மீதிச் சுவரை எப்படி அடித்து முடித்தேனோ தெரியாது. தினமும் அரைத்துக் கொடுத்தது என் கைதான்.

அன்று சாயங்காலமே மச்சானைப் போய்ப் பார்த்தேன். இடத்தைக் காட்டினால்தான் இனி மருந்து என்று சொல்லிவிட்டேன். முறைத்துவிட்டு, "வா. ஆனா வாயத் தொறக்காத" என்றார். மறுநாள் கிளம்பும்போது, நான் வருகிறவரை குடிக்காதே என்று சரோஜாவிடம் சொன்னேன். காரணம் சொல்லத் தைரியம் வரவில்லை.

தாம்பரத்தில் விடிகாலை எலக்ட்ரிக் ரயில். பல்லாவரம் மூன்றாவது நிறுத்தம். ஸ்டேஷனில் காத்திருந்த மச்சான் பேசாமல் முன்னால் நடந்தார். அரை மணி நேர நடை. இடம் வருமுன்பே நாற்றம் வந்தது. தோல் பதனிடும் ஷெட்டுகளின் பின்புறம் ஒரு கால்வாய், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், மேலே நுரை. அதன் கரையெல்லாம் கீழாநெல்லி. கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு. அவ்வளவு வாளிப்பான செடியை நான் பார்த்ததே இல்லை. மச்சான் ஒரு இலையைக் கிள்ளி மென்று, கசப்பில் கண்ணைச் சுருக்கி, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பிடுங்கத் தொடங்கினார்.

ஷெட்டு வாட்ச்மேன் ஒருவர் பல் விளக்கிக்கொண்டே வந்தார். "யோவ் பெருசு, இன்னாத்தப் பறிக்கிற? ஆடே வாய் வெக்காது அதுல. தோல் ஊறவெச்ச தண்ணி பூரா இங்கதான் வந்துகினு கீது."

மச்சான் பேசக் கூடாது. பேசிவிட்டார். "மருந்துக்குயா."

"யாருக்கு, எலிக்கா?"

பிடுங்கியதை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். தன் ஊர் ஏரிக்கரையில் பிளாட் போட்டபிறகு மச்சான் இங்கே வரத் தொடங்கினாராம். முதல் நாளே கசப்பு அதிகமாக இருந்ததால் இதுதான் நல்ல இடம் என்று பிடித்துக்கொண்டாராம். ஸ்டேஷன் வந்ததும் கேட்டார். "மாப்ள, வூட்ல நேத்து செடி மிச்சம் கீதா?"

"கீது. குடிக்காதன்னு சொல்லியிருக்கேன்."

"கேக்க மாட்டா. ஒரு வேள கூடத் தவறக் கூடாதுன்னு செடி குடுத்தப்பவே நான் சத்தியம் வாங்கிக்கினேன்."

தாம்பரம் வருகிறவரை இருவரும் உட்காரவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது சரோஜா தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பக்கத்து வூட்டு அக்கா அரைச்சுக் குடுத்துச்சு. இன்னிக்கு என்னா கசப்பு தெரியுமா? சீக்கிரம் கேட்டுரும்" என்றாள். மச்சான் மிச்சமிருந்த செடியை வாரிக் குப்பையில் கொட்டினார்.

உடனே கூடுவாஞ்சேரிக்குப் பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். இறங்கின இடத்திலேயே செடி இருந்தது. மச்சான் இலையைத் தேய்த்தார், லாரிப் புகை விரலில் கறுப்பாக ஒட்டியது. இன்னும் உள்ளே, வயல் வரப்பில் பிடுங்கக் குனிந்தபோது ஒரு பெண் கத்தினாள். "அண்ணா, நேத்துதான் பூச்சிமருந்து அடிச்சோம்." அதற்குப் பிறகு எனக்குப் புல்லை மிதிக்கவே பயமாக இருந்தது. பாதுகாப்பான ஒரு சாண் இடம் கூட இல்லையோ என்று தோன்றியது.

ரயில் பாதைக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு பனைமரத்து மேடு. மழைத்தண்ணீர் தவிர வேறு தண்ணீர் ஏற வழியில்லை. செடிகள் விரல் உயரம்தான், வெளிறிக் கிடந்தன. மச்சான் மென்று பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"கசப்பே பத்தல மாப்ள. இது பலிக்குமா?"

எனக்கு என்ன தெரியும்? அது விஷமோ என்று பயம், இது வெறும் புல்லோ என்று பயம். பிடுங்கிக்கொண்டு திரும்பினோம்.

வீட்டில் செடியைக் கொடுக்கும்போது மச்சான் சொன்னார். "கூடுவாஞ்சேரி. ரயில் ரோட்டுக்கு மேக்கால, பனமரத்து மேடு."

சரோஜா பதறிப்போனாள். "ஏண்ணா சொன்ன? பலிக்காதே."

"கேட்டுக்கோ. கேட்டுட்டுக் குடி."

கண் வெளுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. குணமாக்கியது மேட்டுச் செடியா, ஓய்வா, எனக்குத் தெரியாது. கால்வாய்ச் செடி அவள் உடம்பில் எதை விட்டுப்போனது என்பதும் தெரியாது. இன்றைக்கும் அவள் வயிறு வலிக்கிறது என்றால் அந்த நுரைதான் கண்ணில் வருகிறது. மச்சான் அதற்குப் பிறகு யாருக்குக் கொடுத்தாலும் இடத்தைச் சொல்லித்தான் கொடுத்தார்.

போகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். செடி பறிப்பதானால் செடியைப் பார்க்குமுன் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரோட்டோரம் வேண்டாம். பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். தழைப்பையும் கசப்பையும் நம்பாதீர்கள். இடம் சொல்லாமல் யார் கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.

நான் சொன்ன மேட்டுக்கும் போகாதீர்கள். போன மாதம் போயிருந்தேன். பனைமரம் இல்லை. ஏதோ நகர் என்ற பலகையை எழுத்துக்கூட்டி நானே படித்தேன். வீடுகளுக்குப் பின்னால் சாக்கடை ஓடியது. அதன் கரையில் கீழாநெல்லி, கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு. பழக்கத்தில் ஒரு இலையைக் கிள்ளிவிட்டேன். கீழே போட்டு, விரலை வேட்டியில் துடைத்து, பஸ் ஏறினபிறகும் துடைத்துக்கொண்டே வந்தேன்.