மூச்சைப் பிடிக்கச் சொல்பவர்

"மூச்ச நல்லா உள்ள இழுங்க. அப்படியே புடிங்க. விட்றாதீங்க" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு, அந்த டாக்டர் தானும் மூச்சை அடக்கிக்கொள்வார். வலது விலாவுக்குக் கீழே ஸ்கேன் கருவியை அழுத்தியபடி, திரையில் பித்தப்பை இறங்கி வரும்வரை அவருக்கும் காற்று கிடையாது. ஊசியில் நூல் கோக்கும்போதுகூட அம்மா மூச்சுவிடுவதில்லை என்று மகள் கிண்டல் செய்வாள்.

அவசரப் பிரிவில் எல்லோருக்கும் அவர் 'ஸ்கேன் அக்கா'. ஐம்பதைத் தொடும் டாக்டர். ஸ்கேன் இயந்திரத்தின் ஒரு சக்கரம் சுற்றாது. இடுப்பால் முட்டித் தள்ளி, "நட சாமி, எனக்குந்தான் முட்டி வலிக்குது" என்பார். காலை டீயை ஆடை படிந்தபின் மத்தியானம் குடிப்பார், அதுவும் நின்றுகொண்டே. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராதாம்.

ஒருநாள் காலை, துணி தைக்கும் பெண்ணொருத்தியைக் கணவர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். சாப்பிட்டாலே வலி, முதுகுவரை இழுக்கிறது, நேற்றிலிருந்து காய்ச்சல். ஓர் ஊசி போட்டு அனுப்பினால் போதும், தைக்கவேண்டியது மலையாய்க் கிடக்கிறது என்றாள். மூன்று நாளைக்கு முன் இதே வலிக்கு இங்கே கொடுத்த சீட்டைக் கணவர் நீட்டினார். 'வாயு' என்று எழுதி, இரண்டு மாத்திரை. கையெழுத்து ஸ்கேன் அக்காவுடையதேதான். அன்று கூட்டம் நெரிந்தது. இயந்திரம் வார்டின் மறுகோடியில் நின்றது. போய்த் தள்ளிவரச் சோம்பல்பட்டது அவருக்கு நினைவிருந்தது.

இப்போது தள்ளிவந்தார். கருவியை வைத்து அழுத்தியதும் அந்தப் பெண் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரையில் பித்தப்பையின் கழுத்தில் வெள்ளையாய் ஒரு கல், அதன் பின்னே கருநிழல். பையின் சுவர் தடித்து வீங்கியிருந்தது.

அறுவை டாக்டரைப் போனில் பிடித்தார். முதலில் ஸ்கேன் பிரிவில் பெரிய ஸ்கேன் எடுக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார் அவர். யாரிடமும் வாதாடாத அக்கா குரலை உயர்த்தாமலே சொன்னார்: "கல்லு மாட்டியிருக்கு, காய்ச்சலும் இருக்கு. ஏற்கெனவே மூணு நாள நான் வீணாக்கிட்டேன். இன்னொரு நாள் கேக்காதீங்க." அறுவை டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

பிறகு அக்கா கட்டில் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே இத வச்சுப் பாத்திருக்கணும்மா. பாக்கல. தப்பு என்னோடது."

கணவர் முகம் சிவந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவரை மனைவி கையமர்த்தினாள். "அன்னிக்கு நீங்க நின்னுக்கிட்டே தூங்கிட்டிருந்தீங்க, டாக்டர். நான் பாத்தேன்."

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அவளை மேலே கொண்டுபோனபின் அடுத்த நோயாளியிடம் போனார்.

மத்தியானமே அறுவை நடந்தது. இன்னொரு நாள் விட்டிருந்தால் பை வெடித்திருக்கும் என்று மேலிருந்து சொல்லியனுப்பினார்கள். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பியவர், காலியான கட்டிலுக்கடியில் அந்தப் பெண்ணின் செருப்புகள் கிடப்பதைப் பார்த்தார். கையில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவள் கட்டிலைவிட்டு இறங்கியதும் கால் நுழைக்கத் தோதாக, செருப்புகளை வெளிப்பக்கம் பார்க்க ஜோடியாக வைத்தார்.