கன்வேயர் அனுபவமுள்ள அறங்காவலர் தேவை

ஒரே ஒரு ஆளைக் கூப்பிடுவதற்காக ஊருக்கே நோட்டீஸ் ஒட்டிய முட்டாள் நான். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் முப்பது வருடம் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவெழுதிக் குப்பை கொட்டியவனுக்கு நோட்டீஸ் போர்டு இல்லாமல் அன்பைக்கூடக் காட்டத் தெரியாது. தவிர, போனில் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

எங்கள் டவுன்ஷிப்பில் சின்னதாக ஒரு பொது ஓவியக்கூடம் இருக்கிறது. அதன் நிர்வாகக் குழுவுக்குச் சம்பளமில்லாத அறங்காவலர்கள் மூவர் வேண்டும். வருடத்துக்கு நான்கு கூட்டம். ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் ஒருவரும் நர்ஸம்மா ஒருவரும் கேட்டவுடன் சரி என்றுவிட்டார்கள். மூன்றாவது நாற்காலியில் நான் ரகசியமாகத் துண்டு போட்டு வைத்திருந்தேன்.

அது என் சிநேகிதனுக்கு. சுரங்கத்தில் மண்ணைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட் ஓட்டியவன். லீவ் லெட்டரின் பின்பக்கம் எதையாவது வரைந்துதான் என்னிடம் நீட்டுவான். ஒருமுறை பெல்ட்டை, எங்கள் அதிகாரியை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கும் மலைப்பாம்பாக வரைந்திருந்தான். அதை மேலே அனுப்ப முடியுமா? வேறு லெட்டர் நானே எழுதி அனுப்பிவிட்டு, படத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். பீரோவில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்குத் தினமும் சேர்ந்து ஒரு டீ. ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, முந்திரிக்காட்டு ஊரான காடாம்புலியூருக்குப் போய்விட்டான். நான் மகனுடைய குவார்ட்டர்ஸில் ஒட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் ஏழு வருடம் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை; இரண்டு மணி டீ எனக்கு வெறும் சுடுதண்ணீர்.

நோட்டீஸ் எழுதும்போது குமாஸ்தா புத்தி வேலை செய்தது. ஆளை முடிவு செய்துவிட்டு, அவன் அளவுக்குத் தகுதியைத் தைத்தேன். ஓவியத்தில் கைப்பழக்கம், கன்வேயரில் இருபது வருட அனுபவம், முந்திரித் தோப்புள்ள ஊரில் குடியிருப்பு. மலைப்பாம்பு வரைந்தவருக்கு முன்னுரிமை என்று போடாததுதான் பாக்கி.

பஜாரில் ஒட்டினேன். ஒருவர் வந்து பர்மனென்டா கான்ட்ராக்டா என்று கேட்டார். இன்னொருவர், அறங்காவலர் என்றால் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவார்களா என்று விசாரித்தார். ஒரு அம்மா, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்று சான்றிதழோடு மகனுக்காக வந்து நின்றார். சம்பளம் கிடையாது என்றதும் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்றே நோட்டீஸைக் கிழித்துவிட்டேன்.

அவன் மட்டும் வரவில்லை. காடாம்புலியூரில் இருப்பவன் எங்கள் பஜார் சுவரை எதற்குப் பார்க்கப் போகிறான்? ஒட்டும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

கிழித்ததை மடித்துக்கொண்டு, பஸ் ஏறி நேரில் போனேன். வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நேற்றுப் பார்த்தவனைப்போல “வாய்யா” என்றான். நோட்டீஸை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தான்.

“இன்னாய்யா இது, எம் பேர மட்டும் உட்டுட்டு மிச்சம் எல்லாத்தையும் எழுதியிருக்கிற?”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். கடைசியில் உண்மையையே சொன்னேன்.

“நாலு கூட்டம்யா. வருஷத்துல நாலு வாட்டியாவது உன்னப் பாக்கலாம்னுதான்.”

அவன் காகிதத்தை மடித்து என் சட்டைப்பையிலேயே செருகினான்.

“ஏழு வருஷமா பஸ்ஸு ஓடிக்கினுதான் இருக்குது.”